அரிதாள் வயலும் கொல்லைக் குட்டையும்

குறுவை அறுவடை முடிந்த புரட்டாசி மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கோ கும்பகோணத்துக்கோ பேருந்தில் போயிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் காட்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நெல் அறுத்த வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. அதில் ஆயிரம் வாத்துகள் தலையைக் கவிழ்த்துச் சேற்றைச் சலித்துக்கொண்டு போகின்றன. வரப்பின்மேல் ஒருவர், நுனியில் துணி கட்டிய நீண்ட மூங்கில் கழியுடன் நிற்கிறார். அவர் கழியை ஒரு பக்கம் சாய்த்தால் கூட்டம் முழுவதும் மறுபக்கம் திரும்புகிறது. பேருந்து போய்விடுகிறது, காட்சியும் மறைந்துவிடுகிறது.

நான்கு நாள் கழித்து அதே வழியில் வந்து பாருங்கள். வாத்துகளைக் காணமாட்டீர்கள். வயலை உழுது தாளடிக்குச் சேறடித்திருப்பார்கள். அவ்வளவு வாத்துகளும் எங்கிருந்து வந்தன? எங்கே போயின? உங்கள் தெருவில் யாரோ ஒருவர் கொல்லைக் குட்டையில் நான்கு வாத்து வளர்க்கிறாரே, அவற்றுக்கும் இந்தக் கூட்டத்துக்கும் என்ன உறவு? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் போனால் காவிரிப் படுகையின் நீர் வரலாற்றுக்குள் நுழைந்துவிடுவோம்.

வாலில் எழுதிய வரலாறு

முதலில் வாத்தைப் பற்றிப் பார்ப்போம். படுகையில் காட்டு வாத்துகளுக்குப் பஞ்சமில்லை. புள்ளிமூக்கு வாத்து ஏரிகளில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. சீழ்க்கைச் சிறகி மாலை நேரத்தில் விசில் அடித்துக்கொண்டு பறக்கும். பனிக்காலத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கேயிருந்து கோடியக்கரைக்கு வந்து சேரும். இவற்றில் ஏதோ ஒன்றை நம் முன்னோர் பிடித்துப் பழக்கி வீட்டு வாத்தாக்கிவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல.

சரியல்ல என்பதை நீங்களே சோதித்து அறியலாம். வளர்ந்த ஆண் நாட்டு வாத்து ஒன்றின் வாலைப் பாருங்கள். வாலின் மேல்பக்கத்தில் சில இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். நம் பக்கத்துக் காட்டு வாத்து எதிலும் இந்தச் சுருள் கிடையாது. காட்டு வாத்துகளில் பச்சைத்தலை வாத்து என்னும் ஓர் இனத்து ஆணுக்கு மட்டுமே அது உண்டு. ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் குளிர்ந்த பகுதிகளில் வாழும் இனம் அது. பனிக்காலத்தில் வட இந்தியா வரை வரும். தமிழ்நாட்டில் தென்படுவது அரிது. சார்லஸ் டார்வின் 1868-ல் வெளியிட்ட, வளர்ப்பு விலங்குகளைப் பற்றிய நூலில் இந்தச் சுருள் இறகைத்தான் சான்றாகக் காட்டினார். எத்தனை நிறத்தில், எத்தனை வடிவத்தில் இருந்தாலும் வீட்டு வாத்துகள் அனைத்தும் பச்சைத்தலை வாத்தின் வழிவந்தவையே என்பது அவர் முடிவு. முகத்தில் சிவப்புச் சதை தொங்கும் பெரிய வாத்து மட்டும் இதற்கு விலக்கு. அது தென் அமெரிக்காவில் பழக்கப்பட்ட வேறோர் இனம்.

டார்வின் அத்துடன் நிற்கவில்லை. காட்டு வாத்தின் எலும்பையும் வீட்டு வாத்தின் எலும்பையும் எடுத்துத் தராசில் நிறுத்தார். உடல் முழுவதன் எடையோடு ஒப்பிட, வீட்டு வாத்தின் சிறகு எலும்பு இலேசாகவும் கால் எலும்பு கனமாகவும் இருந்தன. பறப்பதை விட்டு நடக்கத் தொடங்கிய பறவை அது. இந்த மாற்றம் இல்லாவிட்டால் மூங்கில் கழியோடு ஒரு மனிதர் ஆயிரம் வாத்துகளை ஊர் ஊராக நடத்திச் செல்ல முடியுமா?

பச்சைத்தலை வாத்தை வீட்டுப் பறவையாக்கியவர்களில் சீனர்கள் முக்கியமானவர்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹான் அரச காலக் கல்லறைகளில் சுடுமண்ணால் செய்த வாத்துகளும், வாத்து நீந்தும் குளத்தின் சிறு மாதிரிகளும் கிடைத்திருக்கின்றன. இறந்தவர் மறு உலகிலும் குளத்தோடும் வாத்தோடும் வாழட்டும் என்று எண்ணினார்கள் போலும். தென்கிழக்கு ஆசியாவின் நெல் வயல்களிலும் வாத்து பழைய குடிதான். 1856-ல் லொம்பொக் தீவுக்குப் போன இயற்கை அறிஞர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், பென்குவின் பறவைபோல் நிமிர்ந்து நடக்கும் வாத்துகளை அங்கே கண்டு வியந்து எழுதினார். பின்னாளில் அவ்வகை வாத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் 'இந்தியன் ரன்னர்'. பெயரில் இந்தியா இருக்கிறது. பிறந்த இடமோ ஜாவா, பாலி பக்கம்!

தமிழில் இப்பறவைக்கு இரண்டு பெயர் உண்டு. ஈழத்துத் தமிழர் தாரா என்கிறார்கள். மலையாளத்தில் தாறாவு, சிங்களத்தில் தாராவா. நமக்குப் பழகிய சொல் வாத்து. கன்னடத்திலும் தெலுங்கிலும் அது பாத்து. அரபு மொழியில் வாத்தைப் 'பத்' என்றும், போர்த்துகீசிய மொழியில் 'பாத்தோ' என்றும் சொல்வார்கள். இந்த ஒற்றுமையை வைத்து, நம் சொல் கடல் வழியே வந்ததாகக் கருதுவோர் உண்டு. வாலும் சொல்லும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. கோழியைப்போல் இந்த மண்ணோடு பிறந்ததல்ல வாத்து, வந்து சேர்ந்தது. ஆனால் வந்த இடம் அதற்கு மிகப் பொருத்தமாக இருந்தது.

உதிர்ந்த நெல்லின் கணக்கு

பொருத்தம் எதில் என்பதை அறிய வாத்தின் அலகைத் திறந்து பார்க்க வேண்டும். அலகின் விளிம்பில் உள்பக்கமாகச் சீப்புப் பற்கள்போல் வரிசையாகச் சிறு தகடுகள் இருக்கும். வாத்து சேற்று நீரை அலகுக்குள் இழுத்து, நாக்கால் அழுத்தி, பக்கவாட்டில் வெளியேற்றும். நீர் போய்விடும், நெல்மணி, புழு, நத்தைக் குஞ்சு எல்லாம் பற்களில் தங்கிவிடும். நம் வீட்டில் அரிசி களைவதைப் போன்ற வேலைதான். கோழி கண்ணால் கண்டதைக் கொத்தும். வாத்தோ கண்ணுக்குத் தெரியாத சேற்றுக்குள் இருப்பதையும் சலித்து எடுத்துவிடும். தண்ணீர் நிற்கும் அரிதாள் வயலில் இறங்கி உதிர்ந்த நெல்லை மீட்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 2000 கிலோ நெல் விளைந்ததென்றும், அறுப்பிலும் கட்டுத் தூக்குவதிலும் நூற்றுக்கு இரண்டு பங்கு உதிர்ந்ததென்றும் வைத்துக்கொள்வோம். வயலில் 40 கிலோ கிடக்கிறது. ஒரு வாத்துக்கு நாளொன்றுக்கு 150 கிராம் தீனி என்றால் ஆயிரம் வாத்துகளுக்கு 150 கிலோ வேண்டும். நத்தையையும் புழுவையும் கணக்கில் சேர்க்காவிட்டால், நாளுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர் வயல் தேவை. ஒரு மாதத்துக்கு 110 ஏக்கருக்கு மேல். எந்த ஒரு குடியானவரிடமும், பெரும்பாலான ஊர்களிலும், அவ்வளவு வயல் ஒரே சமயத்தில் அறுவடையாகிக் கிடக்காது. ஆகவே கூட்டம் நகர்ந்தே தீரவேண்டும். வாத்துக்காரர் நாடோடியாக இருப்பதற்குக் காரணம் அவருடைய விருப்பமன்று, இந்தக் கணக்குதான்.

இப்படி வருபவர்களில் பலர் வட மாவட்டத்தவர்கள். ஆரணி வாத்து என்று ஓர் இனத்துக்கே பெயர் இருப்பதிலிருந்து அந்தப் பக்கத்தில் இத்தொழில் எவ்வளவு ஊன்றியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். முன்பு கால்நடையாக ஓட்டி வந்தார்கள். இப்போது லாரியில் அடுக்குப் பலகை கட்டி ஏற்றி வருகிறார்கள். பகலில் மேய்ச்சல். இரவில் வாய்க்கால் கரையில் மேடான இடம் பார்த்து, இடுப்பளவு உயரத்துக்கு வலையைச் சுற்றிக் கட்டி அதற்குள் அடைக்கிறார்கள். வாத்து பொழுது புலர்வதற்குமுன் முட்டையிடும் பழக்கம் உடையது. ஆதலால் விடியுமுன்பே விளக்கோடு போய் முட்டை பொறுக்கியாக வேண்டும். அந்த முட்டையில் பெரும்பகுதி தஞ்சையில் தங்குவதில்லை. வாத்து முட்டையை விரும்பி உண்ணும் கேரளத்துக்குப் போகிறது.

ஆட்டுக்கிடையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கோடையில் இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வந்து வயலில் கிடை போடுவார்கள். எருவுக்காக வயல்காரர் அவர்களுக்குக் கூலி தருவார். வாத்துக்காரருக்கு அந்த மரியாதை கிடையாது. வாத்தும் எருப் போடுகிறது, நத்தையைத் தின்கிறது, களை விதையைப் பொறுக்குகிறது. இருந்தும் பெரும்பாலும் அவர்தான் வயலுக்கோ ஊருக்கோ பணமாகவோ முட்டையாகவோ தரவேண்டியிருக்கிறது. கிடை வயலுக்குக் கொடுப்பது. வாத்து வயலிலிருந்து எடுப்பது என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தொழிலின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. கழி பிடித்து நிற்பவர் எல்லாரும் பெரியவர்கள் அல்லர். முன்பணம் வாங்கிய பெற்றோரால் அடகுபோலக் கொடுக்கப்பட்டு, வாத்தும் ஆடும் மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களைத் தமிழகத்தின் பல இடங்களில் அண்மை ஆண்டுகளில் அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். பள்ளி நாளில் பத்து வயதுப் பிள்ளை ஒருவன் வாத்துக் கூட்டத்தின் பின்னே போவதைக் கண்டால் அதை வெறும் கிராமக் காட்சி என்று கடந்துவிடாதீர்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மேட்டூர்க் கதவும் வாத்தின் வயிறும்

வாத்துக் கூட்டத்தின் ஆண்டு சித்திரையில் தொடங்குவதில்லை. மேட்டூர் அணையின் கதவு திறக்கும் நாளில் தொடங்குகிறது. 1934-ல் அணை கட்டி முடிந்த பிறகு, ஜூன் 12 என்பது பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வழக்கமான நாளாயிற்று. அன்று விட்டால் குறுவை நட்டு, புரட்டாசியில் அறுக்கலாம். அதே வயலில் தாளடி நட்டு மாசி, பங்குனியில் மறுபடி அறுக்கலாம். ஒரே வயலில் ஆண்டுக்கு இருமுறை அரிதாள் என்றால் வாத்துக்கும் இருமுறை விருந்து.

1960-61-ல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர விவசாயத் திட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற நெல் பரவியது. ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் ஒட்டி உருவாக்கிய குறுகிய கால ரகம் அது. அதனால் குறுவைப் பரப்பு கூடிற்று. வாத்துக்காரர்களுக்கு இது நல்ல செய்தியாகத்தான் இருந்திருக்கவேண்டும். ஆனால் புதிய நெல்லோடு புதிய மருந்துகளும் வந்தன. எண்ட்ரின், பி.எச்.சி. போன்ற பூச்சிக்கொல்லிகளை அக்காலத்தில் தாராளமாகத் தெளித்தார்கள். எண்ட்ரின் 1990-லும் பி.எச்.சி. 1997-லும் தடைசெய்யப்பட்டன. பின்னர் வந்த குருணை மருந்துகள் வேறு வகையில் கெடுதல் செய்தன. மணல்போலவும் சிறு விதைபோலவும் இருக்கும் குருணையைச் சேற்றில் தூவுவார்கள். வாத்தின் அலகு செய்யும் வேலையை நினைவுகூருங்கள். சேற்றில் கிடக்கும் சிறு மணிகளைத் தேடிச் சலித்து எடுப்பதுதானே அது? நெல் எது, நஞ்சு எது என்று சீப்புப் பல்லுக்கு எப்படித் தெரியும்? மருந்திட்ட வயலை விசாரித்துத் தெரிந்துகொள்ளாமல் அனுபவமுள்ள வாத்துக்காரர் எவரும் கூட்டத்தை இறக்கமாட்டார்.

சம்பா, தாளடி அரிதாளிலும் ஒரு சிக்கல் உண்டு. நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, ஈரம் காயுமுன், நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது படுகையின் வழக்கம். நெல்லை அறுத்தவுடன் கீழே உளுந்து முளைத்து நிற்கும். அந்த வயலில் வாத்துக்கு அனுமதியில்லை. ஆகவே தை, மாசியில் பரந்த வெளி தெரிந்தாலும் வாத்து இறங்கக்கூடிய வயல் குறைவுதான். குறுவை அரிதாளின் அருமை இதனால்தான். அதுவும் நீண்ட நாள் கிடைப்பதில்லை. தாளடிக்கு உழுவதற்குமுன் சில நாட்களே. கூட்டங்கள் அந்தச் சில நாட்களைத்தான் ஊர் ஊராகத் துரத்திக்கொண்டு போகின்றன.

அந்தச் சில நாட்களும் பொய்த்த காலம் உண்டு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்க முடியவில்லை. 2012-ல் திறந்தது செப்டம்பர் 17. 2017-ல் அக்டோபர் 2. அணைநீரை நம்பிய குறுவை அந்த ஆண்டுகளில் எங்கே இருக்கும்? வடிமுனைக் குழாய் இருந்த இடங்களில்தான் பச்சை தெரிந்தது. கூட்டங்களும் அங்கேயே நெருக்கியடித்தன. 2020-ல் மீண்டும் ஜூன் 12-ல் தண்ணீர் வந்தது. 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-லோ ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காவிரி வழக்கைப் பற்றி நாளிதழில் படிக்கும்போது உழவரை நினைக்கிறோம். வரப்பில் கழியோடு நிற்பவரும் அதே தேதிக்குத்தான் காத்திருக்கிறார் என்பது நமக்கு நினைவு வருவதில்லை.

வரியில்லாக் குளம்

இனி, அரிதாள் இல்லாத மாதங்களில் வாத்து எங்கே இருக்கும் என்பதைப் பார்ப்போம். கூட்டங்கள் ஏரி, ஆற்றோரம், வடிகால் என்று அலையும். வீட்டு வாத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதற்குக் குட்டை இருக்கிறது.

படுகையில் குளத்தின் வரலாறு மிக நீண்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்லில் முதலாம் இராசராசன் தன் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1014-ஐ ஒட்டி, கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கைப் பொறித்திருக்கிறான். ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லி, அதில் வரிக்கு உட்படாதவை எவை என்று பட்டியல் வருகிறது. ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊருக்குள் ஊடறுத்து ஓடும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவை அதில் அடங்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரி அளந்தவர்கள் குளத்தை விளைநிலமாக எண்ணாமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். எங்கே எத்தனை சேரி, யாருடைய குளம் என்பதும் அந்தக் கல்லில் தெரிகிறது. குளமும் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததையும் அதே கல் மறைக்காமல் காட்டுகிறது.

கோயில் குளம் அரசர் கட்டியது. கொல்லைக் குட்டையோ பெரும்பாலும் தானே உண்டானது. மண் சுவர் வைக்கவும், மனையை மேடாக்கவும் வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டுவார்கள். வெட்டிய பள்ளம் மழையிலும் வாய்க்கால் கசிவிலும் நிரம்பிக் குட்டையாகிவிடும். மாடு கழுவ, பாத்திரம் தேய்க்க, தென்னைக்கு ஊற்ற எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் பாட்டி அப்படியொரு குட்டையில் ஐந்து வாத்து வைத்திருந்தார். கோழி முட்டையை விற்பார். வாத்து முட்டையைப் பேரப்பிள்ளைகளுக்கு அவித்துத் தருவார். மூல நோய்க்கு நல்லதென்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து ஒரு முட்டை வாங்கிப் போவார். அந்தக் குட்டை இன்று இல்லை. கான்கிரீட் வீடு கட்டியபோது அதைத் தூர்த்துவிட்டோம். எங்கள் தெருவில் மிஞ்சியது ஒன்றே ஒன்று.

குட்டையில் வாத்து செய்த ஒரு பணியை அக்காலத்தில் யாரும் கணக்கில் வைக்கவில்லை. மாடு மூச்சுவிடத் திணறிக் குறட்டைபோல் ஒலி எழுப்பும் நோயை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மூக்கின் உட்புறச் சிரைகளில் வாழும் ஓர் இரத்தப் புழுவே அதற்குக் காரணம். இப்புழுவைத் தனி இனமாக 1933-ல் விவரித்தவர் சென்னை மாகாணத்தில் ஆராய்ச்சி செய்த எம். அனந்த நாராயண ராவ். மாடு குட்டையில் நீர் குடிக்கும்போது மூக்குச் சளியோடு புழுவின் முட்டை நீரில் விழுகிறது. அதிலிருந்து வெளிவரும் நுண்ணுயிர், தட்டையாகச் சுருண்ட ஒரு நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. பின்னர் நத்தையை விட்டு வெளியேறி, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இந்தச் சங்கிலியில் நத்தை என்ற கண்ணியை அறுத்தால் போதும். அந்த நத்தையை விரும்பித் தின்பது வாத்து. மருந்து போட்டு நத்தையைக் கொன்றால் மீனும் சாகும் என்பதால், குட்டையில் வாத்து விடும்படி கால்நடை அறிவியலார் இன்று சொல்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம். வாத்துக்கென்று தனியாக ஓர் இரத்தப் புழு உண்டு. அதன் இளம்பருவம் மனிதத் தோலில் புகுந்து செத்து, அரிப்பை உண்டாக்கும். வாத்து நீந்தும் குட்டையில் குளிக்க வேண்டாம்.

நீங்கள் ஒரு குட்டை வெட்டினால்

நான்கைந்து வாத்துக்கு எவ்வளவு பெரிய குட்டை வேண்டும்? முட்டைக்காக மட்டும் வளர்ப்பதானால் குட்டையே தேவையில்லை. தலை முழுவதும் அமிழுமளவு ஆழமான தொட்டி போதும். கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவ முடியாவிட்டால் வாத்துக்கு நோய் வரும். ஆனால் குஞ்சு பொரிக்கும் முட்டை வேண்டுமென்றால் குட்டை நல்லது. வாத்து நீரில் இணைசேரும் பறவை.

8 அடி நீளம், 6 அடி அகலம் போதும். ஒரு முனையில் 2 அடி ஆழமிருக்கட்டும். மறுமுனை சரிவாக ஏறித் தரைமட்டத்தில் முடியட்டும். சரிவு இல்லாவிட்டால் குஞ்சுகள் கரையேற முடியாமல் களைத்துச் சாகும். சராசரி ஆழம் 1 அடி என்று கொண்டால் 48 கன அடி. ஏறக்குறைய 1360 லிட்டர் நீர் பிடிக்கும்.

சிமெண்டுக்கு ஓடவேண்டாம். பழைய படுகையின் களிமண் நனைந்தால் உப்பும். உப்பும்போது தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். நெல் நடுமுன் தொளியடிப்பது எதற்காக? மண்ணின் கட்டுமானத்தைக் குலைத்துக் கூழாக்கினால் அடியில் நீர் இறங்காத படலம் உண்டாகும் என்பதற்காகத்தான். அதே வேலையைக் குட்டைக்கும் செய்யுங்கள். பள்ளத்தில் அரை அடி களிமண்ணைப் பரப்பி, ஊறவிட்டு, இரண்டு நாள் காலால் மிதியுங்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டால் கூலி மிச்சம். மண் கூழாகி, காலை எடுத்தால் உறிஞ்சும் ஓசை கேட்கும் பக்குவம் வந்தபின் நீர் விடுங்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் இது நிற்காது. அங்கே களிமண்ணை வண்டியில் கொண்டுவர வேண்டும். இன்னொன்று: குட்டையை முழுவதும் காயவிடக் கூடாது. உப்பும் களிமண் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சித்திரை மாதத்து நஞ்சை வயலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

முட்டை கிடைத்துவிட்டால் பொரிப்பது யார்? முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வீட்டு வாத்து அடைகாக்கும் குணத்தை ஏறக்குறைய இழந்துவிட்டது. ஆகவே அடைக்கோழியின் கீழ் வைப்பார்கள். கோழி முட்டை பொரிய 21 நாள். வாத்து முட்டைக்கு 28. கோழிக்கு நாள் கணக்குத் தெரியாதது நம் நல்வினை! குஞ்சு பொரித்தபின் நடப்பதுதான் வேடிக்கை. குஞ்சுகள் நீரைக் கண்டதும் இறங்கிவிடும். வளர்ப்புத் தாய் கரையில் நின்று கதறிக்கொண்டு இங்குமங்கும் ஓடும். ஆனாலும் முதல் இரண்டு மூன்று வாரம் அவற்றை ஆழ நீரில் விடாதீர்கள். வளர்ந்த வாத்து, வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்து இறகில் பூசிக்கொள்ளும். கோழி வளர்த்த குஞ்சின் தூவி எளிதில் நனைந்து, குளிரில் விறைத்துவிடும். ஒரு தாம்பாளத்தில் விரல் ஆழ நீர் போதும்.

தீனிக்குத் தவிடு, குருணை, நறுக்கிய கீரை, நத்தை. கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற வைட்டமின் அதிகம் தேவை. அது குறைந்தால் கால் வளைந்துபோகும். தவிட்டில் அது நிறைய உண்டு. கடலைப் பிண்ணாக்கு விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 1960-ல் இங்கிலாந்தில் இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. வாத்துக்குஞ்சுகளும் செத்தன. தேடிப்போனபோது குற்றவாளி தீனியிலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு என்று தெரிந்தது. அதில் வளர்ந்த பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரந்திருந்தது. இந்த நஞ்சுக்கு வாத்துக்குஞ்சு எவ்வளவு எளிதில் பலியாகுமென்றால், ஓர் உணவில் அது இருக்கிறதா என்று சோதிக்க அக்காலத்தில் வாத்துக்குஞ்சையே பயன்படுத்தினார்கள். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைச் சலித்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், எருக்குழியில் கொட்டுங்கள்.

வாத்து பிளேக் நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பறவைக் காய்ச்சலுக்கு அப்படி எளிய வழி இல்லை. குட்டநாட்டில் 2014-லும், பின்னர் 2016, 2021-லும் அது பரவி, நோய் கண்டவையும் காணாதவையுமாக ஏராளமான வாத்துகளை அழிக்க நேர்ந்தது. வலசை வரும் காட்டு வாத்தும் மேய்ச்சல் வாத்தும் ஒரே நீரில் இறங்குவது இந்நோய் பரவும் வழிகளில் ஒன்று. மேட்டூர் நீர் வந்து நிரம்பும் வடுவூர் ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம். அத்தகைய ஏரிக்கருகே வசிப்பவர்கள் பனிக்காலத்தில் தங்கள் வாத்தைக் கொல்லைக் குட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குட்டை நீர் பத்து நாளில் பச்சையாகிவிடும். வாத்தின் எச்சத்திலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசியை வளர்க்கின்றன. நாற்றம் அடிக்குமுன் பாதி நீரை இறைத்துவிட்டுப் புது நீர் விடுங்கள். அதனால்தான் குட்டைக்கு இடம் பார்க்கும்போதே, அடிகுழாய் நீர் வழிந்து வந்து சேரும் இடமாகவும், அதற்குக் கீழே வாழைக்கன்று வைக்க இடமுள்ளதாகவும் பார்க்க வேண்டும். இறைத்த நீர் வாழைக்குப் போகட்டும். வாழைமட்டையை நறுக்கிப் போட்டால் வாத்து அதையும் ஒரு கை பார்க்கும்.